அளவு பார்க்கக் கழற்றியது

பின்னல் தெரிந்த பெண்ணுக்கு என்ன பரிசு கொடுப்பது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாராவது ஒருவர் கடைவாசலில் நின்று, இது இவளுக்குப் பிடிக்குமா என்று அரை நிமிஷம் யோசித்திருந்தால், அவளுடைய அலமாரியின் மேல்தட்டு இப்படிக் குப்பைமேடாக ஆகியிருக்காது.

அந்தத் தட்டில் நூற்கண்டுப் படம் போட்ட காப்பிக் கோப்பைகள் மூன்று இருந்தன. இரண்டு குட்டி ஊசிகள் தொங்கும் சாவிக்கொத்து ஒன்று. தொட்டாலே உடம்பு அரிக்கிற முரட்டு நூல் ஒரு கிலோ, அதுவும் இருமல் மருந்து நிறத்தில். அது நாத்தனார் கொடுத்தது. கொடுத்த கையோடு தன் இரண்டு பிள்ளைகளின் மார்பளவையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்திருந்தாள். "உங்களுக்குத்தான் அண்ணி, ஆசை தீரப் பின்னுங்க" என்று வேறு சொன்னாள். பரிசு அண்ணிக்கு, ஸ்வெட்டர் பிள்ளைகளுக்கு, வேலை மறுபடியும் அண்ணிக்கு. இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போலப் போன வருஷம் கணவர் ஒன்று வாங்கி வந்தார். முப்பது வருஷமாகப் பின்னுகிறவளுக்கு, பத்து நாளில் பின்னல் கற்றுக்கொள்ள ஒரு புத்தகம்.

"அப்போ இத்தனை வருஷமா நான் என்ன புல்லா புடுங்கிட்டிருந்தேன்?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"இல்ல, அட்டை நல்லா இருந்துச்சு" என்றார் அவர்.

அவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைசல் வேலைக்காரர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சொந்தமாக ஒரு லேத் போட்டு, பம்பு, மோட்டார்களுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பவர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தாலும் செய்த பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செய்வார். தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'மைக்ரான்' என்று பட்டப்பெயர். இரும்பு விஷயத்தில் இத்தனை துல்லியமான மனுஷருக்கு மனைவி விஷயத்தில் குத்துமதிப்புகூடத் தெரியாது.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால், வருகிறவர்கள் அவளை மாத்திரையம்மா என்பார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்ணுவதுதான் வேலை. யார் இடையில் என்ன கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டே எண்ணுவாள், எண்ணிக்கை விட்டுப்போகாது. மருந்துகள் கெட்டுப்போகாமல் இருக்க அந்த அறையைக் குளிரவைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் அவள் போட்டுக்கொண்டிருந்தது எது தெரியுமா? முழங்கை தேய்ந்துபோன, கடையில் வாங்கிய ஸ்வெட்டர். வெளியூரில் படிக்கிற மகனுக்கு அவள் பின்னியது நான்கு. கணவருக்கு ஏழு. நாத்தனார் வீட்டுக்குப் பின்னியதை எண்ணுவதை அவளே விட்டுவிட்டாள். அவளுக்கென்று ஒன்றுகூடப் பின்னிக்கொள்ளவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், அந்தக் குளிர் அறையில் விரல் விறைத்து மாத்திரை கீழே சிதறியபோது அவளுக்குத் திடீரென்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அன்று மாலையே போய் மெல்லிய நூல் வாங்கினாள், மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில். பூவேலை போட்ட சால்வை. ஒரு வரிசைக்கு இருநூற்று எண்பத்தேழு கண்ணி. இலையும் கொடியுமாக, வேண்டுமென்றே விட்ட சின்னச் சின்ன ஓட்டைகளால் ஆன வேலை. ஒரு கண்ணி தவறினால் அந்த வரிசையே கோணிப்போகும். ஒரு நாளைக்கு ஒரு வரிசை முடித்தாலே பெரிய விஷயம். யாருக்கென்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தன் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, அன்றைக்கு முடித்துத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் மனதுக்குள் கணக்கு வைத்திருந்தாள். இத்தனை வருஷமாக யாரும் உருப்படியாகக் கொடுக்காத பரிசை அவளே அவளுக்குக் கொடுத்துக்கொள்ளப் போகிறாள். கடைசி வாரத்தில் ஐந்தே வரிசைதான் பாக்கி. ஆனால் அந்த வாரம் பார்த்து ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பு எண்ணும் வேலை வந்துவிட்டது. திங்கள் முதல் சனி வரை அவள் பின்னல் பையைத் திறக்கவே இல்லை. அந்த ஐந்து வரிசையையும் ஞாயிறு ஒரே நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்றிருந்தாள்.

ஞாயிறு காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கணவர் ஒரு நீளமான மரப்பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். நாத்தனார் பிள்ளைகளோடு முந்தின நாளே வந்து தங்கியிருந்தாள். அவளும் எட்டிப் பார்த்தாள்.

பெட்டிக்குள் இரண்டு பின்னல் ஊசிகள் இருந்தன. கடையில் வாங்கியவை அல்ல. அவரே எஃகில் கடைந்து, முனையைக் கூராக்கி, கண்ணாடிபோல மெருகேற்றியவை. அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். கனமும் இல்லை, லேசும் இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் பின்னுகிற அதே அளவு. முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அவளைப் பற்றி யோசித்து ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படிங்க இவ்வளவு சரியா அளவு கண்டுபிடிச்சீங்க?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெர்னியர் வச்சு அளந்தேன். மூணு புள்ளி ரெண்டு அஞ்சு. ஆனா உன் பழைய ஊசியில ஒண்ணு தேஞ்சுபோயிருக்கு. மூணு புள்ளி ரெண்டு ஒண்ணுதான் இருக்கு. அது தெரியுமா உனக்கு?"

"ரெண்டு ஊசியையும் அளந்தீங்களா?"

"பின்னே? ஒண்ணை மட்டும் அளந்துட்டு இன்னொண்ணும் அப்படித்தான் இருக்கும்னு நம்ப முடியுமா?"

அவள் கையிலிருந்த ஊசியை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தாள். "ஒரு ஊசிதானே சும்மா இருந்துச்சு. இன்னொண்ணு சால்வையில இருந்துச்சே."

"ஆமா. அதை உருவி அளந்துட்டு, திரும்பச் சொருகி வச்சுட்டேன். புதன்கிழமையே" என்றார், ஜன்னலைத் திறந்து மூடினேன் என்று சொல்கிற மாதிரி.

பையை அவள் வழக்கமாக வைக்கும் இடத்தில் காணவில்லை. நாத்தனார் படுப்பதற்கு இடம் பண்ணிக்கொள்ள அதைத் தூக்கி மூலையில் போட்டிருந்தாள், அதன்மேல் பிள்ளைகளின் செருப்புப் பை கிடந்தது. மாத்திரையம்மா அதைத் தள்ளிவிட்டுச் சால்வையை வெளியே எடுத்து மடியில் விரித்தாள்.

ஊசி இருந்தது, அவர் சொன்னது பொய்யில்லை. சால்வையின் நடுவில் இறைச்சித் துண்டைக் கம்பியில் குத்துகிற மாதிரி நாலு இடத்தில் குத்தி, பத்திரமாகச் சொருகியிருந்தார். ஆனால் அந்த ஊசிமேல் இருக்க வேண்டிய இருநூற்று எண்பத்தேழு கண்ணிகளில் ஒன்றுகூட அதன்மேல் இல்லை. எல்லாம் நழுவியிருந்தன. நாலு நாள் பைக்குள் புரண்டதில் சில இடத்தில் ஐந்து வரிசை, சில இடத்தில் பத்து, நடுவில் இலை இருந்த இடத்தில் முப்பது வரிசை ஆழத்துக்குச் சரசரவென்று பிரிந்து ஏணிமாதிரி நின்றன. எது அவள் விட்ட ஓட்டை, எது நழுவிய ஓட்டை என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"பிரிஞ்சுபோச்சு."

அவர் சால்வையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார். "நூல் எங்கயும் போயிடலையே. அங்கதானே இருக்கு. திரும்பப் பின்னிக்கலாமே."

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற நாத்தனார் தயாராக இருந்தாள். "உங்களுக்கென்ன அண்ணி, கை பாட்டுக்குப் பின்னிட்டுப் போகும். டிவி பார்த்துக்கிட்டே முடிச்சிடுவீங்க. அண்ணன் ராத்திரி பகலா உட்கார்ந்து ஆசை ஆசையாச் செஞ்சிருக்கு. பிறந்தநாளும் அதுவுமா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா அதுக்கு எப்படி இருக்கும்?"

"எனக்கு எப்படி இருக்கும்னு கேட்டியா?"

"சரி, இது யாருக்கு? சின்னவனுக்கா?"

"எனக்கு."

நாத்தனார் சால்வையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, அதுதான் கொடுமை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். "உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கு?"

மாத்திரையம்மா சால்வையைச் சுருட்டவில்லை. ஒரு துணியை விரித்து, கண்ணிகள் அசையாதபடி அதன்மேல் படுக்கவைத்து, இன்னொரு துணியால் மூடினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வந்ததெல்லாம் கோபம்தான். அந்தக் கோபத்துக்கு உள்ளே இன்னொரு கோபம் இருந்தது: அந்த எஃகு ஊசிகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. மட்டமான ஊசிகளாக இருந்திருந்தால் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மனம் ஆறியிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

அவர் கூடத்தில் தங்கையோடு உட்கார்ந்து, கோபம் தணியட்டும் என்று காத்திருந்தார். இருபத்தாறு வருஷக் குடும்பத்தில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே வைத்தியம் அதுதான். பேசாமல் இருந்தால் அவளே வந்து சாப்பாடு போடுவாள். அவள் சமையலறைக்குப் போகவில்லை. தையல் அளவு நாடாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பின்கதவைத் திறந்து கொட்டகைக்குப் போனாள்.

கொட்டகையில் எண்ணெய் வாடை. லேத்தின் முகப்பில், வேலையைப் பிடித்துக்கொள்கிற சக்கில், ஒரு சின்னப் பித்தளைச் சக்கரம் பாதி கடைந்த நிலையில் நின்றிருந்தது. அது எந்த வாடிக்கையாளருக்கும் உரியதல்ல, அவர் தனக்காகச் செய்யும் ஒன்றின் பாகம். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு நீராவி எஞ்சின். பதினோரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதை உட்கார்ந்து செய்கிறார். எதுக்கு என்று யாரும் கேட்டதில்லை. 'ஆம்பளைக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்ல' என்று நாத்தனாரே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதன் பக்கத்தில் யாரும் போகாமல் இத்தனை மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்தவள் மாத்திரையம்மாதான். சுவரில் 'தொடாதே' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியதும் அவள் கைதான்.

சக்கில் மாட்டிய வேலையைப் பாதியில் கழற்றினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து கேட்ட பாடம். கழற்றிய பொருளைத் திரும்ப மாட்டினால் பழைய மையம் கிடைக்காது. முடியளவு தள்ளி நிற்கும். சக்கரம் சுற்றும்போது ஆடும். இந்தச் சக்கரத்தை மையத்தில் நிறுத்த மட்டும் அவருக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது.

அவள் சக் சாவியை எடுத்தாள். சக்கரத்தைக் கவ்வியிருந்த முதல் தாடையைத் தளர்த்தினாள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. சக்கரம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஒரு கீறல் விழாமல் அதைச் சுத்தமான துணியில் வைத்தாள். நாடாவால் சுற்றளவை எடுத்து, அங்கிருந்த காகிதத்தில் எழுதினாள். பிறகு அவருடைய முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து அவளைத் தேடிக்கொண்டு அவர் வந்தார். "இங்கயா இருக்கே? பசிக்குதுன்னு பிள்ளைங்க..." என்று ஆரம்பித்தவர், லேத்தைப் பார்த்தார். திறந்து கிடந்த நான்கு தாடைகளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு... யாரு கழட்டினது?"

"நான்தான்."

"ஏன்?"

"உங்க பிறந்தநாள் வருதுல்ல. அந்தச் சக்கரத்துக்கு ஒரு உறை பின்னலாம்னு நினைச்சேன். அளவு பார்க்கக் கழட்டினேன்."

"அளவு பார்க்கவா?" குரல் கீச்சென்று ஏறியது. "சக்குல இருக்கும்போதே நாடாவைச் சுத்தியிருக்கலாமே! கழட்டுவாங்களா யாராவது?"

"கையில ஒரு ஊசி சும்மா இருக்கும்போது, பின்னலுக்குள்ள இருக்கிறதை உருவுவாங்களா யாராவது?"

"ரெண்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து மையம் பார்த்தேன்! கண்ணு போற மாதிரி பார்த்தேன்! உனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியும்ல!"

"தெரியும்" என்றாள் அவள். "சக்கரம் எங்கயும் போயிடலையே. அங்கதானே இருக்கு. திரும்ப மாட்டிக்கலாமே."

அவர் கையை ஓங்கவில்லை, அப்படிப்பட்டவர் அல்ல. ஆனால் கத்துவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. தான் சொன்ன வார்த்தைதான் திரும்பி வந்திருக்கிறது என்பது அவர் காதில் விழுந்து மண்டைக்குப் போய்ச் சேர்வதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் துணியில் இருந்த சக்கரத்தை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வைத்தார்.

"எத்தனை மாசம் பின்னினே அதை?"

"இப்பத்தான் கேட்கணும்னு தோணுதா? எட்டு மாசம்."

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு ஊசி எத்தனை மைக்ரான் தேஞ்சிருக்குன்னு தெரியும். அந்த ஊசியில நான் என்ன பண்றேன்னு தெரியாது. நம்ம வீட்டுல எல்லாரும் என் கையைத்தான் பார்க்கறீங்க. யாருமே என்னைப் பார்க்கலை. நீங்க கொண்டு வந்த ஊசி நல்ல ஊசி. அதுக்காகவும் எனக்கு வயிறு எரியுது."

அவர் வேலை மேசைமேல் இருந்ததையெல்லாம் அள்ளிக் கீழே வைத்தார். மேசையைத் துடைத்தார். துடைத்த பிறகு இன்னொரு தரம் துடைத்தார். குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணி ஒன்றை மேசைமேல் விரித்து, லேத்துக்கு மேலே இருந்த பெரிய விளக்கை அதன் பக்கம் திருப்பினார். வீட்டிலேயே அதுதான் நல்ல வெளிச்சம்.

"எடுத்துட்டு வா" என்றார். "என்ன பண்ணணும்னு சொல்லு. நான் செய்யறேன்."

அவள் உடனே எழவில்லை. வேண்டாம் போங்க என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முப்பது வரிசையைப் பிரித்து, கடைசி வரிசையில் ஒருவர் நூலைப் பிடித்து மெதுவாக விட்டுக்கொடுக்க, இன்னொருவர் கண்ணி கண்ணியாக ஊசியில் பிடிக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. அவள் போய்ச் சால்வையைத் துணியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். எஃகு ஊசிகளையும் கொண்டு வந்தாள். தேய்ந்த ஊசியில் இதைச் செய்ய முடியாது.

முதலில் கெட்டுப்போன முப்பது வரிசையையும் அவளே பிரித்தாள். ஒன்றரை மாதம் சுருள் சுருளான நூலாக மேசைமேல் குவிந்தது. அவர் அதைப் பார்க்கும்படியாகத்தான் பிரித்தாள், மெதுவாக. அவருக்குப் போனது இரண்டு ஞாயிறு, அவளுக்குப் போனது ஒன்றரை மாதம், பிறந்தநாளும் போயிற்று. சரிக்குச் சரி ஆகவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

"இந்த நூலைப் பிடிங்க. இழுக்காதீங்க. நான் 'ம்' சொன்னா ஒரு கண்ணி அளவு விடணும். அதுக்கு மேல ஒரு மைக்ரான் போனாலும் நடக்கறது வேற."

அவர் நூலின் முனையை இரண்டு விரலால் பிடித்தார். மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டார். அவள் 'ம்' என்றாள், பிடித்தாள், எண்ணினாள். மறுபடி 'ம்'. புதிய ஊசி கண்ணிக்குள் வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அண்ணே! சாப்பாடு என்ன ஆச்சு? அண்ணி எங்க?"

"அண்ணிக்கு வேலை இருக்கு" என்று அவர் தலையைத் திருப்பாமல் கத்தினார். "நீயே பண்ணு. எங்களுக்கும் சேர்த்துப் பண்ணு."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

"நான் வேணும்னு பண்ணல" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "உனக்குப் பிடிச்ச மாதிரி இந்த ஒரு தடவையாவது..."

"பேசாதீங்க. நாப்பத்து மூணு" என்றாள். "இன்னும் இருநூத்து நாப்பத்து நாலு இருக்கு. அது முடியற வரைக்கும் நான் கோபமாத்தான் இருப்பேன். அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வரிசை பின்னணும். அது முடியற வரைக்கும் இருப்பேன். நூலைப் பிடிங்க."

அவர் நூலைப் பிடித்துக்கொண்டார்.

"ம்" என்றாள்.

ஒரு கண்ணி அளவு விட்டார்.